எண்டோஸ்கோபி இரண்டும் இயல்பு, இரத்தம் மட்டும் குறைகிறது: சிறுகுடல் கட்டிகள் கண்டறியப்படுவது எப்படி?

வாய்வழியாகச் செய்யப்பட்ட எண்டோஸ்கோபியில் இரைப்பையில் குறையேதும் தென்படவில்லை. ஆசனவாய் வழியாகச் செய்யப்பட்ட கொலோனோஸ்கோபியிலும் பெருங்குடல் இயல்பாகவே உள்ளது. எனினும் நோயாளியின் ஹீமோகுளோபின் அளவு தொடர்ந்து குறைந்து வருகிறது. இரும்புச்சத்து மாத்திரை உட்கொண்டால் சற்று உயர்கிறது; நிறுத்தினால் மீண்டும் சரிகிறது. இந்நிலையில் அடுத்து ஆராயப்பட வேண்டிய உறுப்பு சிறுகுடல். ஆனால், இரண்டு பரிசோதனைகளும் 'நார்மல்' என்ற அறிக்கையோடு தேடல் நின்றுவிடுவதும் உண்டு. சிறுகுடல் கட்டிகள் பல நேரங்களில் முற்றிய பிறகே கண்டறியப்படுவதற்கான காரணங்களுள் இதுவும் ஒன்று.

எட்டாத ஆறு மீட்டர்

சிறுகுடலின் நீளம் ஏறத்தாழ 6 மீட்டர். உணவுப் பாதையின் மொத்த நீளத்தில் நான்கில் மூன்று பங்கும், அதன் உட்பரப்பில் சுமார் 90 சதவீதமும் இதுவே. இரைப்பையை அடுத்துள்ள டியோடினம், நடுவிலுள்ள ஜெஜுனம், பெருங்குடலோடு இணையும் இலியம் என இது மூன்று பகுதிகளைக் கொண்டது. வழக்கமான எண்டோஸ்கோபிக் கருவி டியோடினத்தின் இரண்டாம் பகுதி வரை மட்டுமே செல்லும். கொலோனோஸ்கோபி மறுமுனையில் இலியத்தின் கடைசிச் சில சென்டிமீட்டர்களைக் காட்டும். இடைப்பட்ட நீண்ட பகுதி இரண்டுக்கும் எட்டாது. வயிற்றறைக்குள் சுருண்டும் மடிந்தும், ஓரிடத்தில் நிலைக்காமல் அசைந்துகொண்டும் இருக்கும் இந்தக் குழாயினுள் வெறும் நீளமான கருவியைத் தள்ளினால், குடல் சுருள் விரிந்து நீளுமே தவிர கருவியின் முனை முன்னேறாது.

இத்தனை பெரிய பரப்பாக இருந்தும் இங்குப் புற்றுநோய் தோன்றுவது அரிது. செரிமானப் பாதையில் உருவாகும் புற்றுநோய்களில் 5 சதவீதத்துக்கும் குறைவானவையே சிறுகுடலில் தொடங்குகின்றன. உணவு திரவ வடிவில் விரைவாகக் கடந்து செல்வது, பெருங்குடலை விடப் பாக்டீரியாக்கள் குறைவாக இருப்பது, நோய் எதிர்ப்புத் திசுக்கள் மிகுந்திருப்பது ஆகியவை இதற்கான விளக்கங்களாகக் கூறப்படுகின்றன. இந்த அரிதான தன்மையே நோயாளிக்கு ஒரு வகையில் எதிராகவும் அமைகிறது. அரிதான நோய் மருத்துவரின் எண்ணத்தில் முதலில் வருவதில்லை. வயிற்று வலி, உப்புசம், எடை குறைவு, சோர்வு என அதன் அறிகுறிகளும் பிற நோய்களுக்குப் பொதுவானவை.

இந்தியாவில் இரண்டு திரைகள்

இந்தியச் சூழலில் இந்தக் கட்டிகளை மறைக்கும் திரைகள் இரண்டு. முதலாவது, இரத்தசோகை பரவலாக இருப்பது. தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்றின்படி (2019-21), 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 சதவீதத்தினரும், அதே வயது ஆண்களில் 25 சதவீதத்தினரும் இரத்தசோகை உள்ளவர்கள். உணவுக் குறைபாடு, மாதவிடாய், கொக்கிப்புழு எனக் காரணங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால், சோர்வோடு வருபவருக்கு மாத்திரை எழுதித் தருவது இயல்பான முடிவாகிறது. பெரும்பாலானோருக்கு அது சரியான முடிவுதான். ஆனால் நடுவயதைக் கடந்த ஆணுக்கோ, மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ இரும்புச்சத்துக் குறைபாட்டால் இரத்தசோகை ஏற்பட்டால், உடலுக்குள் எங்கோ இரத்தம் கசிகிறது என்று கருதித் தேடுவதே மருத்துவ நெறி. கசிவு மிக மெதுவாக இருப்பின் மலத்தின் நிறம் மாறாது. நோயாளிக்கு எதுவும் தெரியவும் வராது.

இரண்டாவது திரை, குடல் காசநோய். இலியமும் பெருங்குடலும் சந்திக்கும் இடமே அந்நோய் அதிகம் தாக்கும் பகுதி. குடற்சுவர் தடிப்பது, பாதை சுருங்குவது, நிணநீர்க் கணுக்கள் வீங்குவது ஆகிய அனைத்தையும் காசநோயும் உண்டாக்கும், லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்றுநோயும் உண்டாக்கும், குரோன் எனப்படும் அழற்சி நோயும் உண்டாக்கும். ஸ்கேன் படத்தை மட்டும் கொண்டு இவற்றைப் பிரித்தறிவது கடினம். திசு கிடைக்காத நிலையில் காசநோய் மருந்துகளைத் தொடங்கிப் பார்ப்பது இங்கு வழக்கம். அவ்வாறு தொடங்கும்போது, இரண்டு மாதங்களுக்குப் பின் மீண்டும் கொலோனோஸ்கோபி செய்து புண்கள் ஆறியுள்ளனவா என்று நேரில் பார்ப்பது முக்கியம். உடல் தேறியதாக நோயாளி கூறுவது மட்டும் போதிய சான்று ஆகாது. ஆறாத புண், முதலில் கருதிய நோய் சரிதானா என்ற கேள்வியை எழுப்புகிறது. அதேபோல், திசு எடுக்கும் முன்பே ஸ்டீராய்டு கொடுத்துவிட்டால் லிம்போமா தற்காலிகமாகச் சுருங்கி, பின்னர் எடுக்கப்படும் திசுவில் அடையாளம் காண முடியாமல் போகலாம்.

ஏவுகணைப் பொறியாளரின் மாத்திரை

உடலுக்குள் பார்க்கும் கருவிகளின் வரலாற்றில் ஓர் இந்தியப் பெயரும் உண்டு. பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி, லண்டனில் ஹரால்டு ஹாப்கின்ஸுடன் இணைந்து, கண்ணாடி இழைக் கற்றை வழியே படத்தைக் கடத்தலாம் என்பதை விளக்கும் கட்டுரையை 1954-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார். அதைப் படித்த பாசில் ஹிர்ஷோவிட்ஸ், அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் வளையும் எண்டோஸ்கோப்பை உருவாக்கி 1957-இல் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தார். கபானிக்கு மறைவுக்குப் பின் 2021-இல் பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது. இரைப்பையும் பெருங்குடலும் இவ்வாறு வெளிச்சத்துக்கு வந்த பிறகும், சிறுகுடலின் நடுப்பகுதி பல பத்தாண்டுகள் இருட்டிலேயே இருந்தது. பேரியம் குடிக்கச் செய்து எக்ஸ்ரே எடுப்பதும், அதிலும் தெரியாவிட்டால் வயிற்றைத் திறந்து அறுவை மேசையிலேயே குடலுக்குள் கருவியைச் செலுத்துவதும்தான் அன்றைய வழிகள்.

இந்த நிலையை மாற்றியவர் இஸ்ரேலைச் சேர்ந்த கவ்ரியேல் இட்டான். ஏவுகணைகளுக்கான ஒளியியல் கருவிகளை வடிவமைத்து வந்த இந்தப் பொறியாளர், 1981-இல் பாஸ்டனில் தங்கியிருந்தபோது, குடல்நோய் மருத்துவரான ஐத்தான் ஸ்காப்பா அண்டை வீட்டில் இருந்தார். சிறுகுடலைப் பார்க்க வழியில்லை என்று அந்த மருத்துவர் கூறியதிலிருந்தே, விழுங்கக்கூடிய கேமரா என்ற எண்ணம் பிறந்தது. பிரிட்டன் மருத்துவர் பால் ஸ்வெயின் உள்ளிட்டோருடன் இணைந்து அவர் எழுதிய கட்டுரை 2000-ஆம் ஆண்டு 'நேச்சர்' இதழில் வெளியானது. அடுத்த ஆண்டே அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அந்தக் கருவிக்கு அனுமதி அளித்தது.

கேப்சூல் எண்டோஸ்கோபி என்று அழைக்கப்படும் இக்கருவி சுமார் 11 மில்லிமீட்டர் தடிமனும் 26 மில்லிமீட்டர் நீளமும் கொண்டது. எடை 4 கிராமுக்கும் குறைவு. சிறு கேமரா, விளக்குகள், பேட்டரி, ரேடியோ அலைபரப்பி ஆகியவை அதனுள் உள்ளன. நொடிக்கு இரண்டு படங்கள் எடுக்கும் மாதிரியில் கூட, எட்டு மணி நேரத்தில் 50,000-க்கும் மேற்பட்ட படங்கள் சேரும். அவை நோயாளியின் இடுப்பில் கட்டப்பட்ட பதிவுப் பெட்டிக்குச் செல்கின்றன. வலி இல்லை, மயக்க மருந்து இல்லை, மருத்துவமனையில் படுக்க வேண்டியதும் இல்லை. குடலின் இயல்பான அசைவே கேப்சூலை நகர்த்திச் செல்கிறது. ஓரிரு நாளில் மலத்தோடு வெளியேறிவிடும். ஒருமுறை மட்டுமே பயன்படுத்தக்கூடியது என்பதால் செலவு அதிகம். இந்தக் கருவியின் பரவலுக்கு இந்தியாவில் பெரும் தடை அதுவே.

கேப்சூலில் தெரியும் கசிவுக் காரணங்கள் பெரும்பாலும் கட்டிகள் அல்ல. விரிந்த நுண் இரத்த நாளங்கள், வலி மாத்திரைகளால் உண்டாகும் புண்கள், இந்தியா போன்ற நாடுகளில் குடற்சுவரைக் கவ்வியிருக்கும் கொக்கிப்புழுக்கள் ஆகியவையே அதிகம். நூற்றுக்கு ஒரு சிலரிடமே கட்டி தென்படுகிறது. ஆனால் அந்தச் சிலருக்கு அதுவே முதல் தடயம்.

கேப்சூல் தவறவிடுவது

கேப்சூல் அறிக்கையில் கட்டி இல்லை என்று எழுதப்பட்டிருந்தால் ஐயத்தை அத்தோடு விட்டுவிடலாமா? கூடாது என்பதே இதுவரையிலான அனுபவம். பல ஆய்வுகளின் தரவுகளை ஒன்றுசேர்த்து 2005-இல் வெளியான பகுப்பாய்வு ஒன்றில், கட்டிகளில் சுமார் 19 சதவீதத்தைக் கேப்சூல் தவறவிட்டிருந்தது. பிற்காலக் கேப்சூல்கள் மேம்பட்டவை என்றாலும், அடிப்படைக் குறை நீங்கவில்லை. கேப்சூலைத் திருப்பவோ நிறுத்தவோ இயலாது. டியோடினத்தின் வளைவையும் ஜெஜுனத்தின் தொடக்கத்தையும் அது வேகமாகக் கடந்துவிடுகிறது. பித்தநாளம் திறக்கும் சிறு முகடு பல பதிவுகளில் படமாவதே இல்லை. சிறுகுடலின் அடினோகார்சினோமா வகைப் புற்றுநோய் அதிகம் தோன்றுவது டியோடினத்தில்தான். எனவே கேப்சூலின் பலவீனமும் நோயின் விருப்பமான இடமும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. வலியில்லாத மஞ்சள் காமாலை போன்ற அறிகுறி இருந்தால், பக்கவாட்டில் பார்க்கும் லென்ஸ் பொருத்திய தனி எண்டோஸ்கோப்பால் அந்த முகட்டை நேரில் பார்ப்பதே சரியான வழி.

இரண்டாவது சிக்கல், சளிச்சவ்வுக்கு அடியில் வளரும் கட்டிகள். 'ஜிஸ்ட்' எனச் சுருக்கமாக அழைக்கப்படும் குடற்சுவர்த் தசைப்படலக் கட்டிகள் பல நேரங்களில் குடலின் வெளிப்பக்கமாகவே பருக்கின்றன. உள்ளிருந்து பார்க்கும் கேமராவுக்கு, இயல்பான சவ்வு போர்த்திய ஒரு மேடு மட்டுமே தெரியும். அருகிலுள்ள குடல் சுருள் அழுத்தினாலும் இதே போன்ற மேடு தோன்றும். இவற்றைப் பிரிக்க மருத்துவர்கள் நான்கு குறிகளைப் பார்க்கின்றனர். மேட்டின் விளிம்பு தெளிவாகத் தெரிவது, அதன் அகலம் உயரத்தை மிஞ்சாதிருப்பது, அது குடலின் வழியை மறைப்பது, பத்து நிமிடங்களுக்கு மேல் படங்களில் நீடிப்பது ஆகியவை கட்டியைச் சுட்டுகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண் என்று கொண்டால், மூன்று அல்லது நான்கு பெறும் மேடு ஐயத்துக்குரியது.

இதனால்தான் எண்டோஸ்கோபியோடு சிடி எண்டரோகிராஃபியும் சேர்த்துப் பேசப்படுகிறது. ஒன்றரை லிட்டர் அளவு திரவத்தைக் குடிக்கச் செய்து குடலை விரித்தபின் எடுக்கப்படும் இந்த ஸ்கேன், குடற்சுவரின் தடிப்பையும் வெளிநோக்கி வளர்ந்த கட்டியையும் காட்டும். சவ்வின் மேலுள்ள சிறு கட்டிகளில் கேப்சூலும், சுவருக்குள்ளும் வெளியிலும் உள்ளவற்றில் ஸ்கேனும் முந்துகின்றன. உணவு உண்டபின் வயிறு முறுக்கி வலிப்பது, வாந்தி போன்ற அடைப்பின் அறிகுறிகள் உள்ளவருக்கு ஸ்கேன்தான் முதலில் எடுக்கப்பட வேண்டும். சுருங்கிய இடத்தில் கேப்சூல் சிக்கிக்கொண்டால் எண்டோஸ்கோபி வழியாகவோ அறுவை சிகிச்சையாலோ எடுக்க நேரிடும். ஐயமிருப்பின், சிக்கினால் தானே கரைந்துவிடும் போலிக் கேப்சூலை முன்கூட்டியே விழுங்கச் செய்து பாதையைச் சோதிப்பதும் உண்டு.

திசு எடுக்கும் கருவி

கேப்சூல் படம் மட்டுமே தரும், திசுவை எடுக்காது. அந்தக் குறையைத் தீர்த்தது பலூன் எண்டரோஸ்கோபி. ஜப்பானின் ஜிச்சி மருத்துவப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹிரோனோரி யமாமோட்டோ 2001-இல் இதை வெளியிட்டார். இரண்டு மீட்டர் நீள எண்டோஸ்கோப்பின் முனையில் ஒரு பலூனும், அதைச் சூழ்ந்த உறைக்குழாயின் முனையில் மற்றொரு பலூனும் இருக்கும். பலூனை ஊதினால் அது குடலின் உட்சுவரைப் பற்றிக்கொள்ளும். பின் கருவியை மெல்ல இழுத்தால் குடல் மடிப்பு மடிப்பாகச் சுருங்கிக் குழாயின் மேல் சேரும். நாடா கோத்த பாவாடை இடுப்பில் சுருக்கம் கொள்வதைப் போன்றது இது. பற்றுதல், இழுத்தல், முன்னேறுதல் என மாறி மாறிச் செய்து, இரண்டு மீட்டர் கருவியால் பல மீட்டர் குடலைக் கடக்க முடிகிறது. ஒற்றைப் பலூன் கொண்ட மாற்று வடிவம் பின்னர் வந்தது. மோட்டாரால் சுழலும் திருகு அமைப்புடைய கருவி வேகமாக முன்னேறியதால் வரவேற்பைப் பெற்றது. எனினும் பாதுகாப்புக் காரணங்களால் 2023-இல் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது.

வாய்வழியாகச் செல்வதா, ஆசனவாய் வழியாகச் செல்வதா என்பதைக் கேப்சூலோ ஸ்கேனோ காட்டிய இடம் தீர்மானிக்கிறது. முழுச் சிறுகுடலையும் பார்க்க வேண்டுமானால், ஒரு பக்கத்திலிருந்து எட்டிய கடைசி இடத்தில் கரிநிற மை ஊசி போட்டு அடையாளமிட்டு, மறுபக்கத்திலிருந்து அந்த அடையாளம் வரை வருகின்றனர். அறுவை சிகிச்சை நிபுணருக்கும் இதே மைப்புள்ளிதான் வழிகாட்டி. வெளியிலிருந்து தொட்டால் தெரியாத சிறு கட்டியை அவர் அதைக் கொண்டே இனங்காண்கிறார். தொடக்கத்தில் இதற்குப் பயன்பட்டது, ஆங்கிலத்தில் 'இந்தியன் இங்க்' என்றே பெயர் பெற்ற எழுதுமை என்பது ஒரு சுவையான செய்தி.

ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ பிடிக்கும் இச்செயல்முறைக்கு மயக்க மருந்து தேவை. குடலில் துளை, இரத்தக் கசிவு, கணைய அழற்சி ஆகியவை இதன் ஆபத்துகள். சோதனைக்காக மட்டும் செய்யும்போது நூற்றுக்கு ஒருவர் அளவிலேயே பெரிய சிக்கல் ஏற்படுகிறது. பாலிப் எனப்படும் சதை வளர்ச்சிகளை அகற்றும்போது ஆபத்து கூடுகிறது. கருவியும் பயிற்சி பெற்றவர்களும் பெருநகரங்களின் பெரிய மருத்துவமனைகளிலேயே அதிகம் என்பதால், சிறு நகர நோயாளி கேப்சூல் அறிக்கையோடு பயணம் செய்ய வேண்டியுள்ளது.

கட்டியின் பெயர் ஏன் முக்கியம்

திசுவுக்காக இத்தனை சிரமம் எதற்கு, கட்டி என்று தெரிந்தால் வெட்டி எடுத்துவிடலாமே என்ற கேள்வி நியாயமானது. ஆனால் சிகிச்சை கட்டியின் வகையைப் பொறுத்து முற்றிலும் மாறுகிறது. அடினோகார்சினோமாவுக்கு அறுவை சிகிச்சையே அடிப்படை. லிம்போமாவுக்குப் பெரும்பாலும் மருந்துச் சிகிச்சை. இலியத்தில் அதிகம் தோன்றும் நியூரோஎண்டோகிரைன் கட்டிகள் சிறியவையாகவும் பலவாகவும் இருக்கலாம் என்பதால், ஒன்றைக் கண்டதும் தேடலை நிறுத்தக் கூடாது. அவற்றுக்கெனத் தனி பெட் ஸ்கேன் உண்டு. ஜிஸ்ட் கட்டிகளில் இமாட்டினிப் என்ற மாத்திரை வியத்தகு பலன் தருகிறது. இந்த மருந்துக்கான நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் காப்புரிமைக் கோரிக்கையை உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரலில் நிராகரித்ததும், இந்திய நிறுவனங்களின் விலை குறைந்த மாற்று மருந்துகள் தடையின்றிக் கிடைத்து வருவதும் பலர் அறிந்தவை. அறுவைக்கு முன்னரே இம்மருந்தால் கட்டியைச் சுருக்குவதாயின், அது ஜிஸ்ட்தான் என்பதைத் திசு உறுதிப்படுத்த வேண்டும். மறுபுறம், சவ்வுக்கு அடியிலுள்ள இந்தக் கட்டியிலிருந்து மேலோட்டமாகக் கிள்ளி எடுத்த திசு இயல்பானது என்றே வரலாம். ஆழமாக எடுத்தால் இரத்தம் பெருகலாம். அறுவையால் எளிதில் அகற்றக்கூடிய ஜிஸ்ட்டாகத் தெரிந்தால், திசு எடுக்காமலே அறுவைக்குச் செல்வதும் அதனால்தான்.

பரம்பரை நோயுள்ளவர்களிடம் எண்டோஸ்கோபியின் பயன் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. உதடுகளில் கரும்புள்ளிகளோடு வரும் பியூட்ஸ்-ஜெகர்ஸ் நோயில், சிறுகுடலில் வளரும் பாலிப்கள் ஒரு குடற்பகுதியை அடுத்ததற்குள் செருகச் செய்து அடைப்பை உண்டாக்கும். குழந்தைப் பருவத்திலிருந்தே பலமுறை வயிறு அறுக்கப்பட்ட நோயாளிகள் முற்காலத்தில் இருந்தனர். இப்போது எட்டு வயதளவில் கேப்சூல் சோதனையைத் தொடங்கவும், ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டிய பாலிப்களைப் பலூன் கருவியால் அகற்றவும் ஐரோப்பிய வழிகாட்டுதல்கள் பரிந்துரைக்கின்றன. பெருங்குடலில் நூற்றுக்கணக்கான பாலிப்களை உண்டாக்கும் பரம்பரை நோய் உள்ளவர்களுக்கு, பெருங்குடல் அகற்றப்பட்ட பின்னரும் டியோடினக் கண்காணிப்பு தொடர வேண்டும். மெலனோமா என்ற தோல் புற்றுநோய் இருந்தவருக்கு, ஆண்டுகள் கடந்த பின்னும் இரத்தசோகை வந்தால் சிறுகுடலை ஐயுற வேண்டும். அந்நோய் பரவும் இடங்களில் இதுவும் ஒன்று.

இயந்திரத்தின் வாசிப்பு

கேப்சூல் தரும் ஆயிரக்கணக்கான படங்களில், கட்டி சில படங்களில் மட்டுமே தோன்றி மறையலாம். அவற்றைப் பார்க்கும் மருத்துவரின் களைப்பும் தவறுக்கு இடம் தருகிறது. சீனாவின் 77 மருத்துவமனைகளின் பதிவுகளைக் கொண்டு 2019-இல் வெளியான ஆய்வில், சராசரியாக 96.6 நிமிடங்கள் எடுத்த வாசிப்பு, செயற்கை நுண்ணறிவின் துணையோடு 5.9 நிமிடங்களாகக் குறைந்தது. படத்தில் இருப்பதை விரைவாகக் காட்ட மென்பொருளால் இயலும். கேமரா பாராமல் கடந்த வளைவை அதனாலும் காட்ட இயலாது.

பரிசோதனைக்கு முன்னும் பின்னும்

இரத்தம் வெளிப்படையாகப் போகிறவருக்கு, கசிவு நிகழ்ந்த 48 மணி நேரத்துக்குள் கேப்சூல் சோதனை செய்தால் காரணம் தெரியும் வாய்ப்பு அதிகம் என ஐரோப்பிய வழிகாட்டுதல் கூறுகிறது. முதல் நாள் திரவ உணவும், குடலைச் சுத்தம் செய்யும் கரைசலும், இரவு முதல் பட்டினியும் வழக்கமான தயாரிப்பு. இரும்புச்சத்து மாத்திரைகளைச் சில நாள்களுக்கு முன்பே நிறுத்த வேண்டும். அவை குடலினுள் கருநிறத்தைப் படியவைத்துப் படத்தைக் கெடுக்கும். எத்தனை நாள்கள் என்பதை மருத்துவரே கூறுவார். வலி மாத்திரைகள், இரத்தம் உறையாமைக்கான மருந்துகள் உட்கொள்வோரும், இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்களும், முன்பு வயிற்று அறுவை செய்துகொண்டவர்களும் அதை முன்னரே தெரிவிக்க வேண்டும்.

அறிக்கையைப் பெறும்போது கேட்க வேண்டியவை மூன்று: கேப்சூல் பெருங்குடல் வரை சென்றதா, குடல் போதிய அளவு சுத்தமாக இருந்ததா, டியோடினம் தெளிவாகப் பதிவானதா. இவற்றுள் ஒன்றுக்கு 'இல்லை' என்ற விடை வந்தாலும், அந்த அறிக்கை முழுமையானது அல்ல. இரத்தசோகை நீடித்தால் மறு கேப்சூல், ஸ்கேன், பலூன் எண்டரோஸ்கோபி ஆகியவற்றில் எது அடுத்தது என்று பேச வேண்டும். கேப்சூல் வெளியேறியதை நோயாளி பார்க்கவில்லை எனில், இரண்டு வாரங்களுக்குப் பின் வயிற்றை எக்ஸ்ரே எடுத்து உறுதி செய்கின்றனர். அது வெளியேறியது உறுதியாகும் வரை எம்ஆர்ஐ ஸ்கேன் அறைக்குள் செல்லக் கூடாது.